இறங்கிய இடது தோள்

அத்தியாயம் 12

கலாதேவியின் கடிதம் இன்னும் தையல் மெசினின் லாச்சிக்குள்தான் கிடந்தது. சென்ற வாரம் கொறற்றி அதை ஒருமுறை வாசித்தாள். இரண்டாம் முறை வாசிக்கத் துணிவில்லாமல் பொத்தான் டப்பாவுக்கு அடியில் தள்ளி லாச்சியை மூடினாள். மூடிவிட்டால் இல்லாமல் போய்விடுமா? நூல்கட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் விமானத் தபாலின் நீலச் சிவப்பு ஓரம் கண்ணில் பட்டுக்கொண்டேயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகர வீட்டின் விறாந்தையில் கால்வைக்க இடமில்லை. கதவிலும் அலுமாரியிலும் திரைச்சீலைக் கம்பியிலும் பன்னிரண்டு கோட்டுகள் தொங்கின. குங்குமச் சிவப்புக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கொலர். மயில் நீலத்துக்குச் செம்மஞ்சளில் கைமடிப்பு. கடுகு மஞ்சள் கோட் ஒன்றின் முதுகு முழுக்க உள்ளங்கை அகலப் பூக்கள், முன்னால் பழைய இரண்டு மார்க் நாணயக் குற்றி அளவில் பொத்தான்கள். சொந்த ஊரான பேசாலையில் பெருநாளுக்குப் பெருநாள் மாதா சுரூபக் கூடு சோடித்த கை அல்லவா! அன்று கடதாசிப்பூவில் பழகியதை இன்று கம்பளித் துணியில் காட்டிக்கொண்டிருந்தாள்.

இதைப் போட்டுக்கொண்டு எந்தப் பெண் வேலைக்குப் போவாள் என்று அவள் கணவர் ராசன் கேட்காத நாளில்லை. போனார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் வேலை செய்யும் உடுப்புத் திருத்தும் கடைக்கு ஒரு பெண் வழக்கறிஞர் உள்துணி கிழிந்த கறுப்புக் கோட் ஒன்றைக் கொண்டுவந்தார். கறுப்பு உள்துணி கைவசம் இல்லாததால் கொறற்றி செம்பரத்தம்பூப் போட்ட சிவப்புத் துணியை வைத்துத் தைத்துவிட்டாள். ஏச்சு விழப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தவளிடம் அந்தப் பெண், இந்தப் பூவை உள்ளே ஒளித்து வைப்பானேன், வெளியே ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். அங்கே பிடித்ததுதான் இந்த ஓட்டம். நிறமும் யோசனையும் கொறற்றியுடையது. தையற்கலையில் Ausbildung என்னும் தொழிற்பயிற்சி முடித்த மகள் பிறின்சி அளவுபோட்டு வெட்டுவாள். தாய் தைப்பாள்.

அழகு மட்டும் பார்த்துத் தைத்தவையல்ல அவை. ஹாண்டி என்கிற கைத்தொலைபேசியும் வீட்டுத் திறப்பும் போடும்படி உண்மையான பைகள் இருந்தன. கையைத் தூக்கிப் பலகையில் எழுதினால் அக்குளில் இழுக்காது. எட்டு மணிநேரம் கதிரையில் இருந்து எழுந்தாலும் முதுகில் சுருக்கம் விழாது. பத்துக் கறுப்புக் கோட்டு ஆண்களுக்கு நடுவில் ஒருத்தி இதோடு போய் இருந்தால், அவள் இருப்பதை யாரும் மறக்க முடியாது என்பது கொறற்றியின் கணக்கு.

சரி, இத்தனை நிறத்துக்கும் நடுவில் நின்றவள் என்ன உடுத்தியிருந்தாள்? சாம்பல் நிறப் பாவாடை, சாம்பல் நிறச் சட்டை, அதற்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. இன்று நேற்றல்ல, பன்னிரண்டு வருடங்களாக.

அவளுக்கு இருந்தது ஒரே தம்பி, யூட்சன். தொண்ணூற்றிரண்டில் ஒரு விடியற்காலை தொழிலுக்கென்று கடலில் இறங்கினான். மூன்றாம் நாள் வள்ளம் கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. கலியாணம் முடித்து எட்டு மாதம். செய்தி ஜெர்மனிக்கு வந்தபோது கொறற்றி கேவலார் யாத்திரைக் கோயிலில் மாதாவின் முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, தம்பி வந்து சேரும்வரை நிறம் உடுக்கமாட்டேன் என்று நேர்த்தி வைத்து, அதை ஊருக்கும் எழுதினாள். பாதரிடம் சொன்னால் நேர்த்தியை மாற்றித் தருவார் என்று ராசன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். நான் பாதருக்கு நேரவில்லை என்று வாயை அடைத்துவிடுவாள். கல்லிலே நார் உரித்தாலும் உரிக்கலாம், கொறற்றியிடம் ஒன்றும் நடக்காது. ஊருக்குத்தான் உபதேசம் என்று கோயில் வாசலில் பெண்கள் சிரித்ததும் அவள் காதில் விழாமலில்லை.

யூட்சனின் மனைவிதான் கலாதேவி. அவனுக்காகக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி வந்தவள். இப்போது மன்னாரில் ஆசிரியை. தாலியைக் கழற்றவும் இல்லை, ஒரு புதுச்சேலை கட்டவும் இல்லை. அவளோடு படிப்பிக்கும் ஒருவர், மனைவியை இழந்தவர், அவளைக் கலியாணம் செய்யக் கேட்கிறாராம். யூட்சன் உயிரோடு இல்லையென்று தான் நம்புவதாக அவனுடைய இரத்த உரித்து ஒருவர் எழுதிக் கையெழுத்து வைத்தால் மறுமண அனுமதிக்கு ஆயர் இல்லத்துக்கு அனுப்பலாம் என்று அங்கத்தைய பாதர் சொல்லியிருக்கிறார். கொறற்றியை விட்டால் அவனுக்கு இரத்த உரித்து யார் இருக்கிறார்கள்? ‘மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் கொமினிக்கேசன் கடையில் நிற்பேன். ஓமோ இல்லையோ, ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ அக்கா’ என்று கடிதம் முடிந்திருந்தது. அங்கே ஆறு மணி என்றால் இங்கே இரண்டு மணி.

இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. பிராங்பேர்ட்டில் பெண்கள் உடுப்புக்கடை வைத்திருக்கும் லின்ட்னர் அம்மாள், தன் வாடிக்கைக்காரிகளை மதிய இடைவேளைக்கு அழைத்துக் கோட்டுகளைக் காட்டப்போகிறார். பிடித்தால் கடையில் நிரந்தரமாக ஒரு பக்கம் இவர்களுக்கு. பிடிக்காவிட்டால் கொறற்றி திங்கட்கிழமை பழையபடி யாரோ ஒருவரின் காற்சட்டைக்குக் கரை அடிக்கலாம்.

கோட்டுகளைப் பைகளில் போடும்போது கடுகு மஞ்சள் கோட்டைக் கையில் எடுத்து அவள் முணுமுணுத்தாள். அதைத் தைத்த நான்கு நாளும் அவளுக்கு எரிச்சல். இடது தோள் வலதைவிட ஒன்றரை சென்ரிமீற்றர் இறக்கமாக வெட்டப்பட்டிருந்தது. பிறின்சி பிழையாக வெட்டிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிழையில்லை, போடுகிற ஆளின் தோளே அப்படித்தான் என்று பிறின்சி சொல்லிவிட்டாள்.

“ஆரடி இந்தக் கோணல் தோள்காரி? மூட்டை சுமந்தவளோ?”

“வாளி சுமந்தவ. அங்க வருவா, பாருங்கோ,” என்று பிறின்சி பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

எசனில் ரயில் ஏறிப் பிராங்பேர்ட்டில் இறங்கும்வரை தாயும் மகளும் அதிகம் பேசவில்லை. கொறற்றி அடிக்கடி மணி பார்த்தாள். மகள் அதைக் கோட்டுகளைப் பற்றிய பயம் என்று நினைத்தாள். கடிதத்தைப் பற்றி வீட்டில் ஒரு குருவிக்கும் தெரியாது என்று தாய் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடை ஒரு குறுக்குத்தெருவில், வங்கிக் கட்டடங்களின் நிழல் விழும் தூரத்தில் இருந்தது. லின்ட்னர் அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிற மனுஷி. கோட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவி, உள்ளே புரட்டித் தையலைப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு கொறற்றியை உச்சி முதல் பாதம் வரை பார்த்து, நீங்கள் எப்போது உடுப்பு மாற்றுவீர்கள் என்று கேட்டார்.

கொறற்றிக்கு விளங்கவில்லை. பிறின்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை அப்போதுதான் வெளியே வந்தது. கோட்டைச் செய்தவரே அதைப் போட்டு முன்னால் நிற்கவேண்டும் என்பது லின்ட்னர் அம்மாள் ஆரம்பத்திலேயே பிறின்சியிடம் போட்ட நிபந்தனை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்குச் சாக்கைச் சுற்றினாலும் எடுப்பாகத்தான் இருக்கும், என்னிடம் வருகிறவர்கள் நாற்பத்தைந்து வயதுக்காரிகள் என்று சொல்லியிருக்கிறார். சாம்பல் உடுப்போடு வந்து நிறத்தை விற்கிறவளை யார் நம்புவார்கள் என்றும் இப்போது கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பன்னிரண்டரைக்குள் முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் வருகிறவர்களுக்கு வைன் கொடுத்து அனுப்பிவிடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

பிறின்சி கடுகு மஞ்சள் கோட்டைப் பையிலிருந்து எடுத்துத் தாயிடம் நீட்டினாள்.

கொறற்றி அதை வாங்கிப் பார்த்தாள். இடது தோளைப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்தாள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஏழு வருடம் அலுவலகங்கள் கழுவப் போனவள். தண்ணீர் வாளி எப்போதும் இடது கையில்தான். ஊரெல்லாம் அளவெடுத்த தையற்காரி தன்னை அளந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. சாம்பல் நிறத்தில் கைக்கு வந்த அளவை வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தவளுக்குத் தன் தோள் தெரியாமல் போனதில் என்ன அதிசயம்?

“என்னை எப்பயடி அளந்தனீ?”

“உங்கட வேலைச் சட்டையில அளவெடுத்தனான். கேட்டிருந்தால் விட்டிருப்பியளோ?”

கொறற்றிக்கு மகளை ஓங்கி ஒரு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அதே அளவுக்கு அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல், மாமாவுக்காக நான் வைத்த நேர்த்தியில் விளையாட உனக்கு என்ன துணிச்சல் என்று மட்டும் கேட்டாள். பிறின்சி நிலத்தைப் பார்த்தாள். மாமாவைப் போட்டோவில் மட்டும் நன்றாகத் தெரிந்தவள் அவள். ஆனால் பத்து வயதிலிருந்து அவருடைய சாம்பலுக்குள் வளர்ந்தவள்.

அந்த நேரம் பார்த்துப் பிறின்சியின் ஹாண்டி அடித்தது. அப்பா, உங்களைத்தான் கேட்கிறார் என்று நீட்டினாள்.

ராசன் பின்னேர வேலைக்குப் போகிறவர். வேலைச் சேட்டில் ஒரு பொத்தான் அறுந்திருக்கிறது. மெசின் லாச்சியில் தேடியிருக்கிறார். பொத்தான் டப்பாவைத் தூக்கினால் அடியில் என்ன இருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கொறற்றி ஹாண்டியோடு உடுப்பு மாற்றும் சின்ன அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டாள். ராசன் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சத்தம் போடவில்லை. எத்தனை நாளாய்க் கிடக்கிறது என்று கேட்டார். ஆறு நாள் என்றாள்.

“நீ நிறம் உடுக்காமல் இருக்கிறது உன்ர விருப்பம், கொறற்றி. நான் சொல்லிப் பாத்து விட்டிட்டன். அந்தப் பிள்ளை கலாவையும் பிடிச்சுவைச்சுக்கொண்டு நேர்த்தி செய்யச்சொல்லி உன்னட்டை மாதா கேட்டவவோ?”

“தம்பி வந்தானெண்டால்?” என்று கேட்டாள். கேட்டபோது அவள் குரல் அவளுக்கே சின்னப்பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

“வந்தால் வரட்டும். முதல் ஆளாய் நான்தான் ஊருக்கு ஓடுவன். அவளுக்கு முப்பத்தைஞ்சு வயசு. அவளுக்குச் சொல்லு.”

ஹாண்டியை வைத்த பிறகும் அவள் அந்த அறைக்குள்ளேயே நின்றாள். கலாதேவியின் கலியாணப் போட்டோ நினைவுக்கு வந்தது. சிவப்புக் கரை வைத்த சேலை, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பச்சை ரவிக்கை, அதைப் பற்றிக் கவலையே இல்லாத சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காரி பன்னிரண்டு வருடமாக ஒரே நான்கு சேலைகளைத் துவைத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். கொறற்றியோ அறிமுகமில்லாத வெள்ளைக்காரிகளுக்கு நிறம் தேடித் தேடித் தைத்தாள். தம்பியின் மனைவிக்கு ஒரு நல்ல சேலை அனுப்பக்கூட மனம் வந்ததில்லை. அனுப்பினால், அவன் இல்லையென்று தானே சொன்னதாகிவிடும் என்ற பயம். அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கையெழுத்து வைப்பது என்று அந்த அறைக்குள்தான் முடிவெடுத்தாள். அதை முடிவெடுத்த பிறகு சாம்பல் சட்டைக்கு என்ன அர்த்தம்? கையால் இல்லையென்று எழுதிவிட்டு உடம்பால் இருக்கிறான் என்று சொல்ல முடியாதே.

மாதாவே, பொறுத்துக்கொள் என்றாள். கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொளுவியில் மாட்டினாள். மஞ்சள் கோட்டுக்குள் கையை விட்டாள்.

தைத்த நான்கு நாளும் திட்டித் தீர்த்த அந்தக் கோணல் தோள் வந்து அவளுடைய தோளில் அப்படியே உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுவை இல்லை. திரையை விலக்கி வெளியே வந்தபோது பிறின்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாய் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் தானும் அழவேண்டிவரும்.

பதினேழு பெண்கள் வந்தார்கள். வங்கிக்காரிகள், ஒரு பல் வைத்தியர், இரண்டு வழக்கறிஞர்கள். எல்லோரும் கறுப்பிலும் கடல் நீலத்திலும் வந்தார்கள். கொறற்றி கதிரையைப் பிடித்தபடி நின்று, தன் உடைந்த ஜெர்மன் மொழியில் பைகளைக் காட்டினாள், கையைத் தூக்கிக் காட்டினாள், திரும்பிப் பூ முதுகைக் காட்டினாள். வங்கியில் ஒரு பிரிவுக்கே தலைவியான ஒரு நெட்டைப் பெண் சிவப்புக் கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, கூட்டங்களில் நான் பேசத் தொடங்கினால் ஆண்கள் காகிதத்தைப் பார்ப்பார்கள், இனி எங்கே பார்க்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லின்ட்னர் அம்மாள் சிரிக்காமல் கொப்பியை எடுத்துப் பெயர்களை எழுதத் தொடங்கினார். கொறற்றிக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, இப்போ வாறன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தெருமுனை ரெலிபோன் பெட்டிக்கு ஓடினாள். மழை தூறியது. ரெலிபோன் காட் இலக்கம், ஊர் இலக்கம், கடை இலக்கம் என்று நீளமாக அமத்தினாள். இரண்டு தடவை பிழைத்தது. மூன்றாம் தடவை கடைக்காரர் எடுத்து, ரீச்சர் அஞ்சரையிலிருந்து இஞ்சதான் நிற்கிறா என்று சொல்லிக் கொடுத்தார்.

கலாதேவி சுகம் விசாரித்தாள், அத்தானை விசாரித்தாள், பிறின்சியை விசாரித்தாள். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கொறற்றிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“நான் எழுதித் தாறன், கலா. நாளைக்கே போடுறன். முந்தியே செய்திருக்க வேணும். என்னை மன்னிச்சுக்கொள்.”

மறுமுனையில் நன்றி வரும் என்று நினைத்தாள். அழுகை வந்தாலும் வரும் என்று நினைத்தாள். கடைக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“அக்கா,” என்றாள் கலாதேவி கடைசியில். “இப்ப என்ன நிறம் உடுத்திருக்கிறியள்?”

கொறற்றி குனிந்து பார்த்தாள். போட்டிருப்பதையே மறந்திருந்தாள். பெட்டியின் கண்ணாடிக்கு வெளியே போகிறவர்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். சாம்பல் என்று சொல்ல ஒரு கணம் போதும். மன்னாரிலிருந்து யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் இந்தப் பெண்ணிடம் இதற்கு மேல் ஒன்றையும் மறைக்க அவளால் முடியவில்லை.

“மஞ்சள்,” என்றாள்.

அப்போதுதான் கலாதேவி அழுதாள். பன்னிரண்டு வருடம் அடக்கியது போல் அழுதாள். கொறற்றி பயந்துபோய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள்.

“அப்ப அவர் இல்லைத்தான், என்ன?” என்றாள் கலாதேவி. “நான் விட்டாலும் நீங்கள் விடமாட்டியள் எண்டு நினைச்சுத்தானக்கா உந்தக் கடிதமே எழுதினனான். ஆரோ ஒருத்தர் அவர் வருவாரெண்டு பாத்துக்கொண்டிருக்கினம் எண்ட துணிச்சலிலதான்.”

கொறற்றி பிடித்து வைத்திருந்தது கலாதேவியை என்று ராசன் சொன்னார், அதை அவளும் நம்பினாள். கலாதேவி தன்னைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள் கனவிலும் நினையாதது.

“எழுதாதேங்கோ அக்கா. கொஞ்சம் பொறுங்கோ. நான் சொல்லுறன்.”

அக்கா என்னவாம் என்று அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆண்குரல் மெதுவாகக் கேட்டது. அவளோடு படிப்பிக்கிறவராக இருக்கவேண்டும். அவரும் அஞ்சரையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். கலாதேவி அவருக்கு என்ன பதில் சொன்னாள் என்று கொறற்றிக்குக் கேட்கவில்லை. அதற்குள் ரெலிபோன் வைக்கப்பட்டுவிட்டது.

பெட்டியை விட்டு வெளியே வந்தபோது பிறின்சி தெருவைக் கடந்து ஓடிவந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் குடை. மறு கையில் கொளுவியோடு தாயின் சாம்பல் கம்பளிச் சட்டை. கொளுவி நேராகத்தான் இருந்தது. சட்டையின் இடது தோள் மட்டும் இறங்கித் தொங்கியது.

“அம்மா, இருபத்தியொரு கோட்டுக்குச் சொல்லிப்போட்டினம். அந்தப் பல்டாக்குத்தர் மனுசி நீங்கள் போட்டிருக்கிறதைத்தான் போட்டுப் பாக்க வேணுமாம். கழட்டித் தாறியளோ?”

கொறற்றியின் கை மேல் பொத்தானுக்குப் போனது. கழற்றிக் கொடுத்தால் மகள் நீட்டுகிற சாம்பலைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதைப் போட்டுக்கொண்டால், தம்பி இருக்கிறான் என்ற பொய். போடாமல் நின்றால் கலாதேவியின் அழுகை. தூறல் கொஞ்சம் வலுத்தது. பிறின்சி குடையைத் தாயின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஏன் அம்மா நிற்கிறீர்கள், அவர்கள் வேலைக்குத் திரும்பிப்போக வேண்டும் என்று மறுபடியும் கேட்டாள்.